பெயருக்குப் பின்னால் ஒரு செடி

உறையூரைத் தலைநகராகக் கொண்ட சோழர்களின் அடையாளப் பூ ஆத்தி. சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு என்று சொன்னால் அவை எந்த மரங்கள் என்று இன்றும் எவரும் தயங்குவதில்லை. ஆத்தி என்றால் தயக்கம் வருகிறது. மாட்டின் குளம்பு போல நடுவில் பிளந்த இலையுடைய இரண்டு செடிகள் அந்தப் பெயருக்கு உரிமை கேட்டு நிற்கின்றன. ஒன்று, வெளிறிய நிறத்தில் ஒல்லியான இதழ்களோடு பூக்கும் சிறு மரம். தாவரவியலில் அதன் பெயர் பவுஹினியா ரசிமோசா. மற்றது மணி போலத் தொங்கும் மஞ்சள் பூவின் அடியில் கருஞ்சிவப்புத் திட்டு விழுந்திருக்கும் பவுஹினியா டொமென்டோசா. திருவாத்தி என்று பலரும் சொல்வது இதைத்தான். சோழர் சூடியது முதலாவது என்று சொல்பவர்கள் பலர். இரண்டாவது என்று சொல்பவர்களும் உண்டு. பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அது சுட்டிய செடியின் ஒரு சிறு கிளைகூட நம்மிடம் இல்லை. அதனால் அந்த வழக்கு இன்றுவரை தீராமல் கிடக்கிறது. இன்றைக்கு ஒரு மாவட்டத்தின் செடிகளைக் கணக்கெடுக்கும்போதும் இதே குறை நேர முடியும். பட்டியலில் நூறு பெயர்களை அழகாக அடுக்கிவிடலாம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், அந்த மாவட்டத்திலேயே எடுத்து, பூவும் காயுமாக உலர்த்தி வைத்த ஒரு செடி இல்லையென்றால், அந்தப் பட்டியலைப் பிற்காலத்தவர் சரிபார்க்கவே முடியாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் அவரைக் குடும்பத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

அவரைக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பூக்கும் தாவரங்களில் சூரியகாந்திக் குடும்பத்துக்கும் ஆர்க்கிட் குடும்பத்துக்கும் அடுத்து மூன்றாவது பெரிய குடும்பம் இது. உலகம் முழுவதும் 19,000-க்கும் மேற்பட்ட இனங்கள். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். நம் சமையலறையில் உளுந்து, துவரை, பச்சைப்பயறு, கொள்ளு, மொச்சை, காராமணி, கடலை எல்லாம் இதன் பிள்ளைகள். குழம்புக்குக் கரைக்கும் புளியும், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயும், அரப்புத்தூளாகும் உசிலை இலையும் இதே குடும்பம். வயலுக்கு மடக்கி உழும் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும், ஏரிக்குள் நிற்கும் கருவேலமும், சாலையோரத் தூங்குமூஞ்சியும், தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு உதவும் நெட்டியும் அப்படியே. தரையோடு தரையாகப் படரும் விரல்நீளப் பூண்டிலிருந்து மலைச்சரிவில் நிற்கும் வேங்கை வரைக்கும் இதில் அடங்கும். ஒரு மாவட்டத்தின் ஆற்றங்கரை, வயல் வரப்பு, கரம்பு, மலை எதை எடுத்தாலும் இந்தக் குடும்பத்தார் இல்லாத இடம் அரிது. ஆகவே இந்த ஒரு குடும்பத்தை ஒழுங்காகக் கணக்கெடுத்தால் மாவட்டத்தின் நிலங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்த கணக்காகும். இந்தக் குடும்பத்தில் பெயர் மாறிப்போகும் வாய்ப்பும் மிக அதிகம். கணக்கெடுப்பு முறை நல்லதா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான குடும்பம் கிடைப்பது கடினம்.

ஒரு செடி அவரைக் குடும்பம்தான் என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? காயை வைத்து. ஒரே சூலறையிலிருந்து உருவாகி, முற்றியதும் இரு ஓரங்களிலும் வெடித்துப் பிளக்கும் காய் இதன் பொது அடையாளம். அவரைக்காயை நார் உரிக்கும் எந்தக் கையும் அந்த இரண்டு ஓரங்களையும் அறியும். ஆனால் புளியங்காய் வெடிப்பதில்லை. புங்கங்காய் ஒற்றை விதையை மூடிக்கொண்டு அப்படியே உதிர்கிறது. வேங்கையின் காய் வட்டச் சிறகு கட்டிக்கொண்டு காற்றில் போகிறது. சிறுபுள்ளடியின் காய் கண்ணி கண்ணியாகக் கழன்று உடையில் ஒட்டிக்கொள்கிறது. நிலக்கடலை தன் காயை மண்ணுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. பூவும் ஒன்றுபோல் இராது. அவரை, சங்குப்பூ, அகத்தி போன்றவற்றில் நிமிர்ந்து நிற்கும் பெரிய கொடியிதழ் ஒன்று, இரு பக்கமும் சிறகிதழ்கள் இரண்டு, அடியில் படகு போல இணைந்த இதழ்கள் இரண்டு என்று பட்டாம்பூச்சி வடிவம். கொன்றையிலும் ஆவாரையிலும் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒத்து விரிகின்றன. வாகை, வேலம், தொட்டாற்சுருங்கியில் நாம் பூ என்று பார்ப்பது பல நுண்பூக்களின் திரள். கண்ணுக்குத் தெரிவது மகரந்தத் தாள்களின் குஞ்சம் மட்டுமே. மொட்டைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு நம்பகமான வேறுபாடும் தெரியும். பட்டாம்பூச்சி வடிவப் பூவில் மேலிதழ் மற்ற இதழ்களுக்கு வெளியே மூடியிருக்கும். கொன்றையில் அது எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும். விரிந்த பூ மறைத்துவிடுவதை மொட்டு காட்டிக்கொடுக்கிறது.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிய பகுதி. இனத்தைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. கரம்பில் நிற்கும் கொழிஞ்சியையும் அவுரியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் முழங்கால் உயரம், இரண்டுக்கும் சிறகு போல அமைந்த கூட்டிலை, இரண்டுக்கும் சிவப்பின் பக்கம் சாய்ந்த சிறு பூ. கொழிஞ்சியின் சிற்றிலையை இரு விரல்களால் பிடித்து இழுத்தால் நரம்புகளின் போக்கில் மீன்வால் போலக் கூராகக் கிழியும். அவுரி இனங்களின் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு மயிரும் நடுவில் ஒட்டிக்கொண்டு இரு பக்கமும் படுத்திருப்பது தெரியும், தராசுக் கோல் போல. குன்றிமணிப் பூவில் மகரந்தத் தாள்கள் ஒன்பதுதான். அவரைக்கும் துவரைக்கும் பத்து, அதில் ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். கிலுகிலுப்பையில் பத்தும் ஒன்றாக இணைந்து, மகரந்தப் பைகள் நீண்டதும் குட்டையுமாக மாறி மாறி வரும். கிலுகிலுப்பை இனங்களைத் தமக்குள் பிரிக்கப் போனால் காய் எவ்வளவு உப்பியிருக்கிறது, மயிர் உண்டா, எத்தனை விதை என்பவை தேவைப்படும். தகரையையும் அதன் மிக நெருங்கிய உறவினமான சென்னா ஒப்டுசிஃபோலியாவையும் பிரிக்க, இலைக்காம்பில் சிற்றிலை இணைகளுக்கு நடுவே இருக்கும் சுரப்பிகளை எண்ண வேண்டும், காய்க்காம்பின் நீளத்தை அளக்க வேண்டும், விதையின் பக்கத்தில் இருக்கும் தழும்பு அகலமா ஒடுங்கியதா என்று பார்க்க வேண்டும். பூத்த நாளில் போனவருக்கு விதை கிடைக்காது. விதை உதிரும் நாளில் போனவருக்குப் பூ கிடைக்காது. ஒரே செடியிடம் இரண்டு முறை போயே ஆக வேண்டும் என்பதை இந்தக் குடும்பம் தன் உடலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது.

திருச்சி மாவட்டத்தில் இந்த இரண்டு முறை என்பது எளிதில் நான்கு முறையாகிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள வண்டல், லால்குடிப் பக்கத்து நஞ்சை, மணப்பாறைப் பக்கத்துச் செம்மண் கரம்பு, துறையூருக்கு வடக்கே எழும் பச்சைமலை ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி நாட்காட்டியில் இயங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு ஐப்பசி, கார்த்திகையில்தான் ஓராண்டுப் பூண்டுகள் முளைத்துப் பூக்கும். தை, மாசியில் காய் முற்றிக் காய்ந்து காணாமல் போகும். அந்த ஒன்றிரண்டு மாதங்களைத் தவறவிட்டால் செப்பு நெருஞ்சி, நரிப்பயறு போன்றவை அந்த ஊரில் இல்லவே இல்லை என்று எழுதிவிட நேரும். மலையடிவாரத்துப் பலாசோ இலையெல்லாம் கொட்டிவிட்டு மாசி, பங்குனியில் மொட்டைக் கிளையில் பூக்கும். இலையை எடுக்க மறுபடி மழைக்காலத்தில் வர வேண்டும். சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூத்துத் தொங்கும்போது சென்ற பூப்பின் நீண்ட உருளைக் காய் பெரும்பாலும் கிளையிலேயே இருக்கும். அது ஒரு கொடுப்பினை. நெட்டி தேவையென்றால் ஏரியில் நீர் நிற்கும் நாளில் இறங்க வேண்டும். கல்லூரி ஆய்வேட்டுக்காக ஒரு கோடை விடுமுறையில் முடிக்கப்படும் கணக்கெடுப்பு மரங்களின் கணக்காகவே முடிந்துபோவதற்கு இதுவே காரணம். இந்தக் குடும்பத்தின் பன்மையில் பெரும் பகுதி மழைக்குப் பின் தரையில் இருக்கிறது.

செடியை எடுத்து வைப்பது என்றால் என்ன? பூவும் காயும் இலையும் உள்ள ஒரு கிளையை, சிறு பூண்டாக இருந்தால் வேரோடு, நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே விரித்து மரச்சட்டத்தில் அழுத்திக் கட்டுகிறார்கள். ஈரம் உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்றுகிறார்கள். உலர்ந்ததை ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தாளில் ஒட்டித் தைக்கிறார்கள். தடித்த காயையும் விதையையும் சிறு உறையில் போட்டு அதே தாளில் சேர்க்கிறார்கள். வலது மூலையில் ஒரு சீட்டு: எந்த ஊர், எந்த நாள், என்ன மண், எவ்வளவு உயரம், எடுத்தவர் யார், அவருடைய வரிசை எண் என்ன, பூவின் நிறம் என்ன, ஊரார் சொல்லும் பெயர் என்ன. உலர்ந்ததும் பூ நிறம் மாறிவிடும் என்பதால் நிறத்தை அன்றே எழுதியாக வேண்டும். இப்படிப்பட்ட தாள்களை அடுக்கிப் பாதுகாக்கும் இடத்தை ஹெர்பேரியம் என்கிறார்கள், தமிழில் உலர்தாவரகம். இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து செடி சேர்க்கத் தொடங்கினார். அவர் வழியில் வந்த ராட்லர், தமிழுக்கு ஓர் அகராதி தொகுத்தவர். அவர் செடிகளையும் சேர்த்து உலர்த்தினார். சொல்லையும் செடியையும் ஒரே மனிதர் சேகரித்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டுக்கும் தேவைப்படும் கவனம் ஒன்றே.

இந்த இடத்தில் முதல் மறுப்பு எழும். எல்லாம்தான் எழுதியாகிவிட்டதே! வனத்துறை அதிகாரியாக இருந்த காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்துவைத்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சியிலேயே புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ, தம் குழுவினரோடு ஊர் ஊராக அலைந்து தமிழ்நாட்டுக்குள் ‘கர்நாடிக்’ என்று வழங்கும் பகுதியின் தாவரங்களைப் பெரும் தொகுதிகளாக 1981 முதல் வெளியிட்டார். சஞ்சப்பா 1992-இல் இந்திய அவரைக் குடும்பத்துக்கென்றே தனி நூல் தந்தார். பிறகு மீண்டும் எதற்கு? அந்த நூல்கள் மீது எனக்குள்ள மதிப்பு குறைவானதல்ல. ஆனால் அந்த நூல்களை முடிந்த தீர்ப்பாக வாசிப்பது அவற்றின் இயல்புக்கே விரோதமானது. மேத்யூவின் நூல் ஒவ்வொரு இனத்துக்கும் எந்த ஊரில் எடுத்த எந்த எண்ணுள்ள தாள் என்று சுட்டுகிறது. அதன் பொருள், ‘போய்ச் சரிபார்’ என்பது. அவர் அலைந்த நாளுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கரம்புகள் மனைகளாயின, ஏரிகளுக்குள் சீமைக் கருவேலம் புகுந்தது, புன்செய்ப் பயிர்கள் மாறின. அன்று எழுதிய ஊரில் இன்று அந்தச் செடி இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டாவது கணக்கெடுப்பு மட்டுமே பதில் சொல்லும். முதல் கணக்கெடுப்பு ஆதாரத்தோடு நடந்தது என்பதால்தான் இப்படி ஒப்பிடவே முடிகிறது.

மாவட்டம் என்பது கோட்டாட்சியரும் தாசில்தாரும் உள்ள நிர்வாக எல்லை, செடிக்கு அந்த எல்லை தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருச்சி விஷயத்தில் அது இன்னும் கூர்மையானது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது, 1974-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கரூரும் பெரம்பலூரும் 1995-இல் பிரிந்தன; பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. ஆகவே ‘திருச்சி மாவட்டம்’ என்று மட்டும் எழுதிய பழைய சீட்டு இன்றைய ஐந்து மாவட்டங்களில் எதையும் குறிக்கலாம். இது மாவட்ட வாரிக் கணக்கெடுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணமல்ல. சீட்டில் ஊர்ப்பெயரையும் இட அளவுக் குறியீட்டையும் எழுதாமல் விடக்கூடாது என்பதற்குக் காரணம். மரம் வெட்டுவதும் நடுவதும், ஏரி தூர்வாருவதும், விதை வழங்குவதும் மாவட்ட அளவில்தான் முடிவாகின்றன. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அதற்குக் கீழே ஊர் அளவில் நிற்கிறது. முடிவெடுப்பவர் மேசைக்குப் போகும் பட்டியல் அவருடைய எல்லைக்குள் அடங்க வேண்டும்.

இன்றைக்கு மிகப் பரவலாகக் கேட்கும் மறுப்பு கைபேசியிலிருந்து வருகிறது. படம் எடுத்தால் செயலி பெயர் சொல்கிறதே, உலர்ந்த சருகை எதற்குக் கட்டிக் காப்பது? படத்தின் பயன் பெரிது. உலரும்போது தொலைந்துபோகும் நிறத்தையும் நிற்கும் தோற்றத்தையும் அது காக்கிறது. நாளும் இடமும் தானாகவே பதிவாகின்றன. தாவரவியல் படிக்காதவரும் பங்களிக்க முடிகிறது. ஆனால் அவுரியின் மயிர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும், தகரையின் விதைத் தழும்பும், குன்றிமணியின் ஒன்பது தாள்களும் யாரும் திருப்பிப் பார்த்து எடுத்திருந்தாலன்றிப் படத்தில் இருக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று நாளைக்குத்தான் ஒருவர் கண்டுபிடிப்பார் என்றால் இன்றைய படம் அவருக்கு உதவாது. உலர்ந்த செடியோ புதிய கேள்விக்கும் பதில் சொல்லும். நீரில் ஊறவைத்துப் பழைய பூவைப் பிரிக்கலாம். இலைத் துணுக்கிலிருந்து மரபுப் பொருளையும் எடுக்கலாம். ராட்லர் காலத்தில் மரபணு என்ற சொல்லே இல்லை. அப்படிப்பட்ட காலத்துத் தாள்களையும் இன்றைய ஆய்வாளர் அந்த நோக்கில் அணுக முடிகிறது. படமும் தாளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே எண்ணின் கீழ் இரண்டும் இருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பை நான் கூடுதல் மரியாதையோடு பார்க்கிறேன்: தமிழில் பெயர் இருக்கும்போது லத்தீன் எதற்கு? தமிழ்ப் பெயர்கள் பல இடங்களில் அசரவைக்கும் துல்லியத்தோடு இருக்கின்றன. கருவேலம், வெள்வேலம், குடைவேலம் என்று பட்டையின் நிறத்தையும் முடியின் வடிவத்தையும் வைத்துப் பிரித்தார்கள். இன்றைய வகைப்பாட்டில் மூன்றும் வாச்செலியா என்ற ஒரே பேரினத்துக்குள் வருகின்றன. முள் கொண்ட கொடியான சீகைக்காயை ஆங்கில வழி நூல்கள் நெடுங்காலம் இவற்றோடு சேர்த்து அகேசியா என்றே எழுதின. தமிழர் அதை வேலம் என்று அழைத்ததே இல்லை. இப்போது அதுவும் செனிகாலியா என்று தனியே பிரிந்துவிட்டது. வேலத்தின் முள் இலையடிச் செதில் திரிந்து இணை இணையாக வருவது, சீகையின் முள் தண்டில் சிதறி முளைப்பது என்ற வேறுபாட்டைக் காடு தெரிந்தவர் கண் முன்பே பிடித்திருந்தது. ஆனால் அதே தமிழ் வேறிடங்களில் தடுமாறவைக்கும். சிவனார்வேம்பு வேம்பல்ல, அவுரியின் உறவு. செப்பு நெருஞ்சி நெருஞ்சியல்ல, அதுவும் அவுரிதான். கலியாண முருங்கை அவரைக் குடும்பம். முருங்கை அந்தக் குடும்பமே அல்ல. சீமை அகத்தி அகத்தியல்ல, ஆவாரைக்கு நெருக்கம். கிலுகிலுப்பை என்ற ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒதுங்குகின்றன. மஞ்சள் கொன்றை என்று தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த சாலையோர மரத்தையும் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி வனத்துறையைத் திணறடிக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸையும் சொல்கிறார்கள். ஒன்றை அகற்று என்று ஆணை வந்தால் எதை வெட்டுவது? எனவே தமிழ்ப் பெயரா, அறிவியல் பெயரா என்ற கேள்வியே பிழையானது. ஊர்ப் பெயரை அந்த ஊரிலேயே கேட்டு, சொன்னவர் காட்டிய செடியையே எடுத்து, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும்போதுதான் அந்தத் தமிழ்ப் பெயரும் நிலைபெறும். பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பெயர்கள் எழுத்தில் வருவதற்கும் இதுவே வழி. ஆத்திக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேரக்கூடாது.

லத்தீன் பெயர்களும்தான் மாறிக்கொண்டே இருக்கின்றனவே என்று சொல்வார்கள். உண்மை. ஆவாரையும் தகரையும் நெடுங்காலம் கேசியா. 1982-இல் அந்தப் பெரிய பேரினம் மூன்றாகப் பிரிந்தபோது சென்னா ஆயின. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு விட்டுக்கொடுத்தது. நம் வேலங்கள் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. 2017-இல் குடும்பத்தின் உட்பிரிவுகள், கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்த மூன்றிலிருந்து ஆறாயின. ஆத்தியும் புளியும் கொன்றையும் ஆளுக்கொரு பிரிவுக்குப் போய்விட்டன. 2022-இல் சீமைக் கருவேலம் வன்னியின் பேரினத்திலிருந்து விலகி நெல்டுமா ஆனது. அலுவலகப் பதிவேடு எழுதுபவருக்கு இது எரிச்சல் தரும் செய்தி. ஆனால் இந்த மாற்றங்கள் வீண் விளையாட்டல்ல. கேசியா பிரிந்ததையே பார்ப்போம். அவரைக் குடும்பம் என்றாலே வேர்முடிச்சில் பாக்டீரியாவை வைத்துக் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, பயறு வகைகளுக்கு அது சரி. முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். புளி, சரக்கொன்றை, ஆவாரை ஆகியவற்றின் வேரில் அந்த முடிச்சுகள் உருவாவதில்லை. கேசியாவிலிருந்து பிரிந்த மூன்றாவது பிரிவான கேமிகிரிஸ்டாவில் உருவாகின்றன; கருங்காணம் அந்தப் பிரிவைச் சேர்ந்தது. பூவையும் காயையும் பார்த்துப் பிரித்த கோடு வேரிலும் அப்படியே ஓடுகிறது. பழைய பெயரையே வைத்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கும். மேலும், கையில் தாள் இருக்கும்வரை பெயர் மாற்றம் ஒரு சேதமும் செய்யாது. தாளின் மேல் புதிய பெயரெழுதிய சிறு சீட்டு ஒன்று ஒட்டப்படும், அவ்வளவுதான். தாள் இல்லாத பட்டியலில் ‘கேசியா டோரா’ என்று இருந்தால், எழுதியவர் தகரையைப் பார்த்தாரா அதன் உறவினத்தைப் பார்த்தாரா என்று சொல்ல யாருமில்லை.

இவ்வளவு நுணுக்கம் தாவரவியலாருக்குத்தானே, விவசாயிக்கும் வாங்குபவருக்கும் என்ன என்று கேட்டால், கண்முன் இருக்கும் காரியங்களைச் சுட்டலாம். அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. சீமைக் கருவேலம் அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று. ஏரியில் பொக்லைன் இறங்கும்போது முள்மரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். சீமைக் கருவேலத்துக்குக் கதிர் போல நீண்ட வெளிர்ப்பூ, சதைப்பற்றுள்ள மஞ்சள் காய். நாட்டுக் கருவேலத்துக்கு உருண்டை மஞ்சள் பூ, மணிமாலை போல இடையிடையே ஒடுங்கிய காய். வன்னிக்கு மெலிந்து தொங்கும் காய், தண்டில் சிதறிய சிறு முள். காய் இருக்கும் மாதத்தில் ஒருவர் முன்னே நடந்து குறியிட்டால் போதும். நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை இலையோடு ஆவாரை இலை கலந்து வருவது பழைய சிக்கல். பெயர் தெரிந்த ஒப்பீட்டுத் தாள் இல்லாமல் அதை எவரும் நிரூபிக்க முடியாது. பயிர் ஆய்வில் இதன் பங்கு இன்னும் பெரியது. மடகாஸ்கரில் சேகரித்த டிசி1966 என்ற காட்டுப் பச்சைப்பயறு, சேமிப்பில் பயறைத் துளைக்கும் வண்டுக்கு எதிர்ப்புடையது என்று தெரியவந்து, உலகெங்கும் பயறு ஆய்வில் பயன்படுகிறது. துவரையின் காட்டு உறவினமான கஜானஸ் ஸ்கராபியாய்டிஸ் வேலியோரம் படரும் மஞ்சள் பூக் கொடி. பார்த்த மாத்திரத்தில் களை என்று தள்ளத் தோன்றும். ஆனால் கலப்பினத் துவரை உருவாக்கத் தேவையான ஆண்மலட்டு வரிசைகளுக்கு அதன் செல்சாறு பயன்பட்டிருக்கிறது. நம் கரம்புகளில் இருக்கும் நரிப்பயற்றுக்கும் காட்டுத் துவரைக்கும் என்ன திறன் உண்டு என்று அறிய, முதலில் அவை எந்த ஊரில் எந்த மண்ணில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

செடியைப் பிடுங்கிக் காப்பது காப்பதா அழிப்பதா என்ற கவலை நேர்மையானது. அதற்கு வரம்பு கட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். மரத்திலும் புதரிலும் ஒரு கிளை எடுப்பதால் கேடில்லை. ஓராண்டுப் பூண்டை வேரோடு எடுப்பதற்கு முன் அங்கே எத்தனை நிற்கின்றன என்று எண்ண வேண்டும்; இருபதுக்குக் குறைந்தால் படத்தோடும் உதிர்ந்த காயோடும் திரும்பிவிடுவது நல்லது. காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. அரிய செடியின் துல்லியமான இடத்தை அச்சிடும் பட்டியலில் போடாமல், உலர்தாவரகத்துச் சீட்டில் மட்டும் வைக்கலாம். ஆட்டு மந்தையும் களைக்கொல்லியும் ஒரு பருவத்தில் கொண்டுபோவதற்கு முன்னால் கணக்கெடுப்பவர் எடுக்கும் ஒற்றைச் செடி மிகச் சிறியது. அந்தச் செடி அங்கே இருந்ததற்கு அதுவே கடைசிச் சாட்சியாகிவிடவும் கூடும்.

வேலை ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. திருச்சியில் தாவரவியல் துறை உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்குள்ளேயே ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஆளுக்கொரு ஒன்றியம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு ஏரி, ஒரு கரம்பு, ஒரு வரப்புத் தொடர், குன்று இருந்தால் ஒரு குன்று என்று நிலையான இடங்களைக் குறித்து, மழைக்கு முன்னும் பின்னும் அதே இடங்களுக்குப் போக வேண்டும். ஊர்ப் பெயர் சொல்பவர் ஆடு மேய்ப்பவராகவோ களை எடுக்கும் பெண்ணாகவோ இருப்பார். அவர் சம்மதித்தால் அவர் பெயரும் சீட்டில் ஏற வேண்டும், ஏனென்றால் அந்த வரிக்கு ஆசிரியர் அவர்தான். கார்த்திகையில் பூவோடு எடுத்து ஒட்டிய தாளில் காய்க்கான உறை வெறுமையாக இருக்கும். தை முடிவதற்குள் அதே வரப்புக்குத் திரும்பிப் போய், அந்தச் செடியின் காய் வெடிப்பதற்கு முன் அதை எடுத்து வந்து அந்த உறையில் போட வேண்டும்.